உயர்மட்ட விளையாட்டு வீரர்களின் தூக்கத் தரத்தை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு மணி நேரம் தூங்கினால் போதாதா? "தரம்" என்று தனியாக எதை அளக்கிறார்கள்?

படுக்கையில் எட்டு மணி நேரம் கிடப்பது வேறு, எட்டு மணி நேரம் தூங்குவது வேறு. அந்தத் தூக்கமும் ஒரே மூச்சில் வந்ததா, பத்துத் தடவை அறுந்து அறுந்து வந்ததா என்பது இன்னொரு விஷயம். இதையெல்லாம் சேர்த்துத்தான் தரம் என்கிறார்கள். தொல்லை என்னவென்றால், தரம் என்று தனியாக ஒரு பொருள் உடம்புக்குள் எங்கேயும் இல்லை. மூளை அலையைப் பார்ப்பவர் ஒன்றை அளக்கிறார், கை அசைவைப் பார்ப்பவர் இன்னொன்றை, "காலையில் எப்படி இருந்தது?" என்று கேட்பவர் மூன்றாவதாக ஒன்றை. ஒரே இரவைப் பற்றி மூவரும் மூன்று விதமாகச் சொல்வது சகஜம். இந்த வீரரைப் பற்றி நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தக் கருவி வேண்டும் என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

எந்தெந்த எண்களைப் பார்க்கிறார்கள்?

ஒரு நீச்சல் வீராங்கனை என்று வைத்துக்கொள்வோம். இரவு 10.30க்கு விளக்கை அணைக்கிறார். கண் அசரும்போது 11.05. நடுவில் இரண்டு தடவை விழிப்பு வருகிறது, ஒன்று 20 நிமிடம், இன்னொன்று 15 நிமிடம். காலை 5.30க்கு அலாரம் அடிக்கிறது, எழுந்துவிடுகிறார்.

படுக்கையில் இருந்த நேரம் 420 நிமிடம். தூக்கம் வர எடுத்தது 35. இடையில் விழித்திருந்தது 35. மீதி 350 நிமிடம், அதாவது 5 மணி 50 நிமிடம், உண்மையான தூக்கம். 350ஐ 420ஆல் வகுத்தால் சுமார் 83 சதவீதம். இதற்குத் தூக்கத்திறன் என்று பெயர். பொதுவாக 85 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது என்பார்கள்.

இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. பல நாள் தூக்கம் கெட்ட ஒருவர் ஐந்து மணி நேரம்தான் படுக்கிறார், படுத்ததும் கட்டைபோல விழுந்து 4 மணி 45 நிமிடம் தூங்கிவிடுகிறார். அவருடைய தூக்கத்திறன் 95 சதவீதம்! அறிக்கையில் பிரமாதமாகத் தெரியும், ஆள் மைதானத்தில் தள்ளாடுவார். படுத்த ஐந்து நிமிடத்துக்குள் தினமும் தூங்கிவிடுவதும் அப்படித்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வீரர்கள் நிறைய. பெரும்பாலும் அது தூக்கக் கடனின், அதாவது பல நாளாகச் சேர்ந்துவிட்ட தூக்கக் குறைவின், அடையாளம். ஆகவே திறனைத் தனியாகப் பார்க்காமல், மொத்தத் தூக்க நேரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாலிசோம்னோகிராபி என்கிறார்களே, அந்தச் சோதனையில் என்ன நடக்கும்?

தூக்க அளவீட்டில் மற்ற எல்லாக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் உரைகல் இதுதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆயத்தம் தொடங்கும். தொழில்நுட்பர் தலையை அளவு நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடங்களில் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசைபோன்ற ஒன்றைத் தடவி மின்முனைகளை ஒட்டுவார். மூளை அலைக்குத் தலையில், கண் அசைவுக்குக் கண்ணோரங்களில், தசை இறுக்கத்துக்குத் தாடையில், இதயத்துக்கு மார்பில், கால் உதறலுக்குக் கெண்டைக்காலில். மூக்கடியில் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். எல்லா ஒயர்களும் ஒரு சிறு பெட்டியில் போய்ச் சேரும். அத்தனையோடும் "சரி, இப்போது இயல்பாகத் தூங்குங்கள்" என்பார்கள். காலையில் தலைமுடியிலிருந்து அந்தப் பசை போவதற்கு இரண்டு தடவை குளிக்க வேண்டியிருக்கும்.

பதிவான இரவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, லேசான தூக்கமா (என்1, என்2), ஆழ்ந்த தூக்கமா (என்3), ரெம் தூக்கமா (கண்கள் வேகமாக அசையும், கனவு அதிகம் வரும் நிலை) என்று குறிப்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். ரெம் தூக்கத்தை அசெரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1953இல் அறிவித்தார்கள். துண்டுகளை வகைப்படுத்துவதற்கான முதல் பொது விதிநூல் 1968இல் வந்தது, இன்று புழக்கத்தில் உள்ள விதிகளுக்கு அடித்தளம் 2007இல் போடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை. பயிற்சி பெற்ற நிபுணர்கள் ஒரே பதிவைத் தனித்தனியே குறித்தாலும் சுமார் 83 சதவீத இடங்களில்தான் ஒத்துப்போகிறார்கள். உரைகல்லிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கிறது. கைக்கடிகாரம் காட்டும் "ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம்" என்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு துல்லியம் என்றால் எல்லா வீரர்களுக்கும் இதையே செய்யலாமே?

செலவு ஒரு பக்கம். பெரிய சிக்கல், அது இயல்பான இரவே இல்லை. புது அறை, ஒயர்கள், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு எல்லாம் சேர்ந்து முதல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். முதல் இரவு விளைவு என்றே இதற்குப் பெயர். அதனால் ஆய்வுகளில் முதல் இரவை ஒதுக்கிவிட்டு இரண்டாவது இரவிலிருந்து கணக்கெடுப்பது வழக்கம். மேலும், ஒரு வீரரின் பிரச்சினை பெரும்பாலும் பயணம், அதிகாலைப் பயிற்சி, இரவு ஆட்டம் ஆகியவற்றில் இருக்கிறது. அவை எதுவும் ஆய்வகத்துக்குள் வராது. தூக்கத்தில் மூச்சுத் தடை, கால் உதறல் போல நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பாலிசோம்னோகிராபிக்கு மாற்று கிடையாது. ஒரு பருவம் முழுக்கத் தூக்கத்தைக் கவனிக்க அது உதவாது.

ஆக்டிகிராபி என்றால்?

கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவி. உள்ளே அசைவை உணரும் சில்லு. கை அசைந்தால் விழிப்பு, அசையாமல் இருந்தால் தூக்கம் என்பதே அடிப்படைக் கணக்கு. வாரக்கணக்கில், சொந்தப் படுக்கையில், விடுதியில், விமானத்தில் என்று எங்கேயும் கட்டியிருக்கலாம். அதனால்தான் விளையாட்டு ஆய்வுகளில் இது அதிகம் பயன்படுகிறது.

குறை எங்கே என்று பார்ப்போம். தூங்கும்போது "தூங்குகிறார்" என்று சொல்வதில் இது கெட்டி, பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாக இருக்கும். விழித்திருக்கும்போது "விழித்திருக்கிறார்" என்று சொல்வதில்தான் சறுக்குகிறது, பாதிக்குப் பாதி தேறினாலே பெரிது. தோற்றுப்போன ஆட்டத்துக்குப் பிறகு, நழுவவிட்ட அந்தக் கேட்சை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு, அசையாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும் வீரரை நினைத்துப் பாருங்கள். கருவியின் கணக்கில் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தூக்கம் வராமல் தவிக்கும் ஆளிடம்தான் இந்தக் கருவி அதிகம் பொய் சொல்கிறது என்பது கொஞ்சம் கொடுமை.

எவ்வளவு அசைந்தால் விழிப்பு என்று கொள்வது என்பதை மென்பொருளில் அமைக்கலாம். அந்த அளவை மாற்றினால் அதே இரவுக்கு வேறு எண் வரும். கடும் பயிற்சி செய்பவர்கள் தூக்கத்திலும் கொஞ்சம் அதிகம் புரள்வார்கள். சாதாரண மக்களுக்கு வைத்த அளவை அவர்களுக்கும் வைத்தால், தூங்குகிறவரை விழிப்பில் சேர்த்துவிடும். இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் இந்த அமைப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உயர்மட்ட வீரர்கள் மற்றவர்களைவிட மோசமாகவா தூங்குகிறார்கள்? நல்ல களைப்பில் அடித்துப்போட்டது போலத் தூங்குவார்களே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். 2012இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஒலிம்பிக் விளையாட்டு வீரர்களையும் விளையாட்டுத் துறையில் இல்லாதவர்களையும் ஆக்டிகிராபியில் அளந்தார்கள். வீரர்கள் படுக்கையில் இருந்தது சராசரியாக 8 மணி 36 நிமிடம், மற்றவர்கள் 8 மணி 7 நிமிடம். உண்மையான தூக்கத்தில் நிலைமை தலைகீழ். வீரர்கள் 6 மணி 55 நிமிடம், மற்றவர்கள் 7 மணி 11 நிமிடம். தூக்கம் வர வீரர்களுக்கு 18 நிமிடம் பிடித்தது, மற்றவர்களுக்கு 5. தூக்கத்திறன் வீரர்களுக்கு 80.6 சதவீதம், மற்றவர்களுக்கு 88.7. கூடுதலாகப் படுத்தும் குறைவாகவே தூங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவில் 124 உயர்மட்ட வீரர்களை அளந்தபோது சராசரி 6.8 மணி நேரம் வந்தது. குழு விளையாட்டில் இருப்பவர்கள் 7 மணி நேரம், தனிநபர் விளையாட்டில் இருப்பவர்கள் 6.5. தனிநபர் விளையாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்புறம் 2021இல் 175 வீரர்களிடம், நன்றாக ஓய்வெடுத்த உணர்வு வர எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். சராசரி விடை 8.3 மணி நேரம். அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 6.7.

ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் சொல்வதை நம்பலாமா?

எதை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இவை அசைவோடு இதயத் துடிப்பையும் பார்க்கின்றன. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தில் வரும் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணிக்கின்றன. சில கருவிகள் தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், மொத்தம் எவ்வளவு தூங்கினார் என்பதில் நல்ல கருவிகள் ஓரளவு தேறிவிடும். ஓய்வு நிலைத் துடிப்பும் பயனுள்ள எண்தான். ஒரு வீரருக்கு இரவுத் துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு ஏழெட்டு கூடியிருந்தால், காய்ச்சல் வரப்போகிறதா, பயிற்சிச் சுமை மிஞ்சிவிட்டதா என்று விசாரிக்கலாம்.

ஆழ்ந்த தூக்கம், ரெம் என்று பிரித்துக் காட்டும் வண்ணப் பட்டைகள்தான் தகராறு. மூளை அலையைத் தொடாமலேயே மூளை எந்த நிலையில் இருந்தது என்று ஊகிக்கிறார்கள். கடைசியில் "உங்கள் தூக்க மதிப்பெண் 74" என்று ஒன்று வரும். அது எந்தச் சூத்திரத்தில் வந்தது என்பது நிறுவனத்தின் ரகசியம். மென்பொருளைப் புதுப்பித்தால் சூத்திரமும் மாறலாம், அப்போது வீரர் மாறாமலேயே எண் மாறிவிடும். என்னைக் கேட்டால் மதிப்பெண்ணை மறைத்துவிட்டு நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

கேள்வித்தாளை நிரப்புவது ஓர் அளவீடா? ஆள் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே?

எழுதலாம்தான். ஆனால் தூக்கம் திருப்தியாக இருந்ததா என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அதிகம் புழங்குவது பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை, 1989இல் வந்தது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். ஏழு பகுதிகள், மொத்தம் 0 முதல் 21 வரை, 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று கொள்வார்கள். பகல் நேரத் தூக்கக்கலக்கத்துக்கு எப்வொர்த் அளவுகோல், 1991இல் ஆஸ்திரேலியாவில் உருவானது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது என்று எட்டுச் சூழல்களில் கண் சொக்குமா என்று கேட்கும்.

இரண்டும் விளையாட்டு வீரர்களுக்கென்று செய்தவை அல்ல. ஒரு மாதத்தில் இரண்டு நாடுகளுக்குப் பறந்து, நான்கு இரவு ஆட்டம் ஆடிய ஒருவரிடம் "கடந்த மாதம் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் என்னதான் எழுதுவார்? வழக்கம் என்று ஒன்று இருந்தால்தானே! இந்தக் குறையைத் தீர்க்கவே வீரர்களுக்கென்று தனிக் கேள்வித்தாள்கள் வந்தன. கனடாவின் கால்கரியில் உருவான ஒன்று, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கப் பயன்படுகிறது. 2018இல் வந்த இன்னொன்றில் 18 கேள்விகள். மாலை ஏழுக்கு மேல் பயிற்சி உண்டா, ஊக்கப் பானம் குடிக்கிறீர்களா, அறிமுகமில்லாத படுக்கையில் தூங்குகிறீர்களா என்று பழக்கங்களைத் தோண்டும். இது எனக்குப் பிடித்த வகை. விடையைப் பார்த்த மறுநாளே எதையாவது மாற்ற முடியும்.

எத்தனை இரவுகள் அளக்க வேண்டும்?

ஒரு வாரமாவது. இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. அதில் பயிற்சி நாள், ஓய்வு நாள் இரண்டும் வர வேண்டும். ஓய்வு நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார் என்றால் செய்தி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒருவரை அணியின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட அவரது சொந்தச் சராசரியோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

போட்டிக்கு முந்தைய இரவு தூக்கமே வரவில்லை என்றால்?

பலருக்கும் அப்படித்தான். ஜெர்மனியில் 632 வீரர்களிடம் கேட்டபோது, கடந்த 12 மாதங்களில் முக்கியப் போட்டிக்கு முந்தைய இரவு ஒரு தடவையாவது தூக்கம் கெட்டதாக மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். அந்த ஓர் இரவை அளந்து காலையில் வீரரிடம் எண்ணைக் காட்டுவது போலக் கெட்ட யோசனை வேறில்லை. அதற்கு முந்தைய வாரத்தில் தூக்கம் நன்றாக இருந்திருந்தால் ஒரு மோசமான இரவை உடம்பு தாங்கிக்கொள்ளும். போட்டி அன்று கருவியைக் கழற்றி வைத்துவிடலாம்.

அதிகாலைப் பயிற்சி எவ்வளவு பாதிக்கும்?

அளந்து பார்த்திருக்கிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தயாரான ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்களுக்குக் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. பயிற்சி நாளுக்கு முந்தைய இரவு அவர்கள் தூங்கியது 5.4 மணி நேரம், ஓய்வு நாளுக்கு முந்தைய இரவு 7.1. "சீக்கிரம் படுத்துக்கொள்ளட்டுமே" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உடம்பின் கடிகாரம் ஒன்பது மணிக்குத் தூங்க விடாது. மாலை நேரத்தில் இயல்பாகவே விழிப்பு மிகுந்திருக்கும் ஓர் இடைவெளி உண்டு, இளம் வயதினருக்கு அது இன்னும் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட இடத்தில் அளவீடு சுட்டுவது வீரரின் ஒழுக்கத்தை அல்ல, பயிற்சியாளரின் கால அட்டவணையை. இதைச் சொல்லத் தயங்கி, "படுக்கும் முன் போனைப் பார்க்காதே" என்று வீரருக்கு அறிவுரை சொல்லி முடித்துக்கொள்ளும் கூட்டங்கள் ஏராளம்.

போட்டி அட்டவணையும் சேர்ந்துகொள்ளும். 2008 பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிகள் காலையில் நடந்தன, 2016 ரியோவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கின.

குட்டித் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். 24 மணி நேரத்துக்குமான மொத்தத்தைப் பார்க்காவிட்டால் படம் பாதிதான். ஆக்டிகிராபி 20 நிமிடக் கண்ணயர்வைத் தவறவிடலாம், பஸ்ஸில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் தூக்கம் என்றும் எழுதலாம். தூங்கிய நேரத்தை எழுதி வைக்கும் ஒரு நோட்டு பக்கத்தில் இருந்தால்தான் இதைச் சரிபார்க்க முடியும்.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது ஆகியவை இருந்தால் தாமதிக்காதீர்கள். ரக்பி, அமெரிக்கக் கால்பந்து போன்ற மோதல் விளையாட்டுகளில் உடல் பெருத்து, கழுத்து தடித்தவர்கள் அதிகம். கட்டுமஸ்தான ஆளுக்கு மூச்சுத் தடை வராது என்பது தவறான நம்பிக்கை. தசையால் பெருத்த கழுத்தும் கழுத்துதான். மூன்று மாதத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல் தவித்தால் அதுவும் மருத்துவரின் வேலை, செயலியின் வேலை இல்லை.

வீராங்கனைகளுக்குத் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் அளந்தோம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுழற்சியின் பிற்பாதியில் உடல் வெப்பம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடும், இரவுத் துடிப்பும் கொஞ்சம் ஏறும். இது தெரியாமல் பார்த்தால் மாதாமாதம் "களைப்பு" என்று கருவி பொய் எச்சரிக்கை அடித்துக்கொண்டிருக்கும்.

அளப்பதாலேயே தூக்கம் கெடுமா?

கெடும். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள். கச்சிதமான எண்ணைத் துரத்தித் துரத்தித் தூக்கத்தைத் தொலைப்பது. விளையாட்டு வீரர்கள் எண்ணோடு வாழ்பவர்கள், மதிப்பெண் குறைந்தால் அதையும் ஒரு தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள். காலையில் எழுந்ததும் "எப்படி இருக்கிறது?" என்று தன்னைக் கேட்காமல் போனைப் பார்க்கத் தொடங்கினால் அதுவே அறிகுறி. பல இடங்களில் தரவை வீரருக்குத் தினமும் காட்டாமல், வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுகிறார்கள். நல்ல வழக்கம்.

தூக்கம் கூடினால் ஆட்டமும் கூடுமா?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2011இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு. 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஓட்டத்துக்கான நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்தது, ஃப்ரீ த்ரோ (தடுப்பவர் இல்லாமல் கூடைக்கு எறிவது) துல்லியம் 9 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, அதே காலத்தில் பயிற்சியும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்பிக்கை தரும் ஆய்வு, முடிந்த முடிவு இல்லை.

இந்தத் தரவெல்லாம் யாருக்குச் சொந்தம்?

அளக்கத் தொடங்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டியது இது. ஒரு வீரர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பது அவருடைய அந்தரங்கம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அது மேசைக்கு வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் 2017இல் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தப்படி, உடலில் அணியும் கருவியை வீரர் விரும்பினால்தான் அணிய வேண்டும். அதில் வரும் தரவை ஒப்பந்தப் பேச்சில் பயன்படுத்தக் கூடாது. இப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத அணியில் சில வாரங்களில் கருவி கைக்குப் பதில் மேசை டிராயரில் தூங்கத் தொடங்கும், அல்லது தம்பியின் கையில்.

கருவி வாங்க வசதியில்லாத சிறிய குழு என்ன செய்வது?

ஒரு நோட்டும் பேனாவும். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்து விஷயம் எழுதச் சொல்லுங்கள்: விளக்கை அணைத்த நேரம், தூக்கம் வர ஆன நேரம் (தோராயமாக), இடையில் விழித்தது, எழுந்த நேரம், தூக்கம் எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். நேற்றைய குட்டித் தூக்கத்தையும் ஓரத்தில் குறிக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், நினைவிலிருந்து எழுதினால் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் பயிற்சி அட்டவணைக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். எந்தக் கிழமை எண் விழுகிறது, அதற்கு முந்தைய மாலை என்ன நடந்தது என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கருவியைப் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.